ஜெனியின் சப்பாத்தை ஒளித்து வைத்தேன்

1

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். கஹவத்தைப் பக்கம் இருக்கிறவர்கள், நிவித்திகலைக்குக் கல்யாணம் முடித்துப் போனவர்கள், கொழும்பில் கடையில் நிற்கிறவர்கள், என் மகள் ஜெனி விழுந்து எழும்பும் வீடியோவைப் போனில் வைத்திருக்கும் அத்தனை பேரும் படியுங்கள்.

போன ஞாயிறு என் தம்பி அருள் அந்த வீடியோவை எனக்கே அனுப்பினான். கனடாவின் தேசிய ஸ்கேட்டிங் போட்டியில் ஜெனி பனித்தரையில் விழுகிறாள், எழும்புகிறாள், ஆடி முடிக்கிறாள். யாரோ அதற்கு மேலே எழுத்துப் போட்டு, மேளமும் சேர்த்திருக்கிறார்கள். "விழுந்தாலும் எழுவோம். இது தோட்டத்து ரத்தம்."

அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, பாத்தீங்களா? மாரு, சூப்பர்! இங்க எல்லாப் போன்லயும் இதுதான் ஓடுது. மாதா கோயில் திருநாளுக்குப் பெரிய திரை கட்டிப் போடப்போறாங்களாம்."

"போட வேண்டாம்னு சொல்லு."

"ஏங்க்கா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"அங்க போயி நீங்க மாறிட்டீங்க. ஒரு சந்தோசம் வந்தாக்கூட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க. எங்களுக்கு வேற என்னா இருக்கு காட்டிக்க?"

போனை வைத்துவிட்டான். அவன் கடைசியாகக் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாது. ஆனால் அந்த வீடியோவில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். நான் எழுதிப் பழகியவள் இல்லை, பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

2

முதலில் ஸ்கேட்டிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. தரை முழுக்க ஐஸ். காலில் போடும் சப்பாத்துக்கு அடியில் கத்தி மாதிரி ஒரு தகடு. அதில் சறுக்கிக்கொண்டே பாட்டுக்கு ஆடவேண்டும், எகிறிக் குதித்து காற்றில் சுற்றவேண்டும், ஒற்றைக் காலில் வந்து இறங்கவேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு காலில், அந்த மெல்லிய தகட்டின் மேல் விழும். பார்க்க இறகு மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்றால் இறங்கும்போது கோடரி விழுகிற சத்தம் கேட்கும்.

நான் அப்படிப்பட்ட ஒரு பனி அரங்கில் வேலை செய்கிறேன். லெபனானில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்று, அந்தக் குடும்பத்தோடு இங்கே வந்து, இங்கேயே தங்கினவள் நான். கட்டியவன் ஜெனிக்கு மூன்று வயதில் எங்களை விட்டுப் போய்விட்டான். அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முதலில் அரங்கில் கழிவறை துடைத்தேன். பிறகு ஐஸ் வழிக்கும் வண்டி ஓட்டப் பழக்கினார்கள். ஆடி ஆடிக் கீறல் விழுந்த ஐஸை அந்த வண்டி மேலாகச் சீவி எடுத்து, தண்ணீர் விட்டு மெழுகும். சீவிய தூளைக் கட்டிடத்துக்குப் பின்னால் கொட்டுவோம். கோடையிலும் அங்கே ஒரு அழுக்குப் பனி மேடு இருக்கும். பிள்ளையை விட்டுவர இடம் இல்லாததால் ஜெனியையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த மேட்டில்தான் அவள் விளையாடினாள். பிறகு வாடகைச் சப்பாத்து ஒன்றைக் கட்டி ஐஸில் விட்டேன், அழாமல் இருக்கட்டும் என்று. மார்கரெட் என்ற பயிற்சியாளர் பார்த்து, "டிலானி, இந்தப் பிள்ளையை என்னிடம் விடு" என்றாள். விட்டேன். அவ்வளவுதான் கதை. நான் கனவு கண்டு வளர்த்தேன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பொய். குழந்தை பார்க்க ஆள் இல்லாததால் நடந்தது.

3

இங்கே தமிழர்கள் நிறையப் பேர். அதிகம் யாழ்ப்பாணத்து ஆட்கள். என் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தமிழ்க் கடையில் ஒரு அக்கா, ஜெனியின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர், கருவாடு நிறுத்துக்கொண்டே கேட்டார். "நீங்கள் இந்தியாவோ?"

"இல்லங்க, கஹவத்தை."

"அது சிங்கள ஊரெல்லோ?"

"எங்க ஊருந்தான்."

"ஓ, தோட்டப் பக்கமோ." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார், எனக்கு நோய் இருப்பது மாதிரி. பிறகு நல்ல மனதோடு சொன்னார். "உங்கட ஆக்கள் நல்லாக் கஷ்டப்பட்டு வேலை செய்வினம். அதுதான் பிள்ளைக்கும் வந்திருக்கு."

கருவாட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் என்னை வைதிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

குடியுரிமை நேர்காணலிலும் இதே கூத்து. என் பிறப்புச் சான்றிதழில் இனம் 'இந்தியத் தமிழ்' என்று இருக்கிறது. "அப்படியானால் நீ இந்தியாவில் பிறந்தாயா?" என்றான் அதிகாரி. இல்லை என்றேன். "உன் அப்பா?" இல்லை. "தாத்தா?" அவரும் இலங்கையில்தான் பிறந்தார் என்றேன். அவன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். எங்கள் தாத்தாமார் பிறந்த மண்ணிலேயே பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்கள் என்பதை நான் அந்த மேசையில் எப்படி இங்கிலீசில் சொல்வது? ஜெனிதான் பக்கத்தில் இருந்து, "அது ஒரு பழைய பெயர், சேர்" என்று சொல்லி முடித்துவைத்தாள். வெளியே வந்ததும், "நாம இந்தியாவா சிலோனா, ஒண்ணு சொல்லுங்கம்மா, நான் அத மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றாள். அவளுக்கு அது பரீட்சைக் கேள்வி மாதிரி.

4

என் அப்பா ரப்பர் பால் வெட்டினவர். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பால் வெட்டும் கத்தி ஆளுக்கு ஆள் வேறு. அவரவர் கைக்கு ஏற்றபடி தீட்டி வைத்திருப்பார்கள். இன்னொருவன் கத்தியில் வெட்டினால் மரத்தில் காயம் விழும், கங்காணி ஏசுவான். அதனால் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புருசனுக்குக் காய்ச்சல் என்றால் கத்தியை ஒளித்துவிடுவார்கள். ஆண்பிள்ளை தன் வாயால் "முடியல, இன்னைக்குப் போகல" என்று சொல்லமாட்டான். சொன்னால் வெட்கம். ஆனால் கத்தி காணாமல் போனால் அது அவன் குற்றம் இல்லையே. விடிகாலையில் எழும்பி, கூரை இடுக்கிலும் அடுப்படியிலும் தேடுகிற மாதிரி தேடுவான். பொண்டாட்டியை நாலு வார்த்தை ஏசுவான். பிறகு போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். கத்தி எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் சனத்துக்கு இருந்த ஒரே சுகவீன லீவு அதுதான்.

அந்த வருசம் மழை விடவே இல்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை. பேர் என்றால் அன்றைய நாள் சம்பளம், வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாதத்தில் இத்தனை நாள் வந்தால்தான் வரவுக் காசு என்று ஒரு சட்டம் வேறு. மழை விட்டபோது அப்பாவுக்குக் காய்ச்சல். கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே கத்துவார். எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா கத்தியை மா டின்னுக்குள் ஒளித்தார். அப்பா தேடினார், ஏசினார், படுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது.

அப்போது கங்காணி வாசலுக்கு வந்தான். "கத்தி இல்லாட்டி என்னாய்யா, புல்லு சுரண்ட வா. பேரு போடுறேன்."

"விடுங்க கங்காணி, அவருக்கு நிக்கவே முடியல" என்றார் அம்மா.

அப்பா எழும்பிவிட்டார். "சரி சரி, வரவுக் காசுக்கு இன்னும் ரெண்டு நாளுதானே புள்ள. முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

இரண்டாம் நாள் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூத்திரம் நின்றுபோயிருந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள், முடியவில்லை.

செத்த வீட்டில் அந்தக் கங்காணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "தங்கமான மனுசன். கடைசி நாள் வரைக்கும் பேரு தவறல." சனமெல்லாம் தலையாட்டியது. என் அம்மாவும் தலையாட்டினார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் உழைப்பாளி சனம் என்று யார் எங்களைப் புகழ்ந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

5

தேசியப் போட்டி இரண்டு நாள். முதல் நாள் சின்ன ஆட்டம், அடுத்த நாள் நீண்ட ஆட்டம். விமானம் ஏறி மேற்கே போனோம். ஜெனிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இந்த நாட்டுச் சட்டப்படி எதற்கும் என் கையெழுத்துத் தேவையில்லை.

அவள் வலது பாதம் கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. கேட்டால், "எல்லாருக்கும் வலிக்கும் அம்மா" என்பாள். முதல் நாள் நன்றாக ஆடினாள். நான்காவது இடம். மூன்றாம் இடத்துக்கும் அவளுக்கும் இடையில் ஒரு மயிரிழைதான். அன்று மாலை சப்பாத்தைக் கழற்றியபோது பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

போட்டிக்கு வந்திருந்த வைத்தியப் பெண் அழுத்திப் பார்த்தாள். ஓர் இடத்தில் ஜெனி பல்லைக் கடித்தாள். "எலும்பில் வெடிப்பு இருக்கலாம். படம் எடுக்காமல் சொல்ல முடியாது. நானாக இருந்தால் ஆடமாட்டேன். ஆனால் முடிவு உன்னுடையது" என்றாள்.

மார்கரெட்டும் அதையேதான் சொன்னாள். "முடிவு உன்னுடையது, ஜெனி." எவ்வளவு மரியாதையான வார்த்தை பாருங்கள். எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு ஒரு பிள்ளையிடம் கொடுக்கிற வார்த்தை.

அறைக்கு வந்ததும் நான் சொன்னேன். "நாளைக்கு ஆட வேண்டாம்டி. வீட்டுக்குப் போவோம்."

"அம்மா, நாலு நிமிஷம்தான்."

"உடைஞ்சா?"

"நாலு நிமிஷம் உடையாம இருந்தா போதும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஆசை இருந்தது, வாய் வரவில்லை. இத்தனை வருசம் சொல்லிக் கொடுத்த மார்கரெட், ஸ்கேட்டிங் கிளப், ஊர்ப் பத்திரிகை, நீங்கள், உங்கள் வாழ்த்து, கோயிலில் வைத்த பூசை. இவ்வளவையும் தாண்டி "முடியல" என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

எனக்கு அப்போது ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

6

ஸ்கேட்டிங் சப்பாத்தும் பால்கத்தி மாதிரிதான். காலுக்கு ஏற்றபடி சூடாக்கி அச்சு எடுத்தது. தகட்டை அவளுக்குப் பிடித்த மாதிரி ஒருவர்தான் தீட்டுவார். இன்னொருத்தியின் சப்பாத்தில் யாரும் ஆட முடியாது.

அடுத்த நாள் காலைப் பயிற்சிக்கு ஜெனி ஐஸில் இறங்கவில்லை, காலுக்கு ஓய்வு என்று. அவள் அரங்கின் இன்னொரு அறையில் தசைப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது உடை மாற்றும் அறையில் இருந்த பையைத் திறந்து சப்பாத்து இரண்டையும் எடுத்தேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அரங்கின் பின்பக்கம் போனேன். எந்த அரங்காக இருந்தாலும் பின்னால் அந்தப் பனி மேடு இருக்கும் என்று எனக்குத் தெரியும். முழங்கால் புதைய ஏறி, கையால் தோண்டிப் புதைத்தேன்.

எனக்குக் கொஞ்சமும் தப்பாகத் தோன்றவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் தேடுவாள், அழுவாள், என்னை ஏசுவாள். பிறகு "சப்பாத்து தொலைந்துவிட்டது, ஆட முடியவில்லை" என்று உலகத்துக்குச் சொல்லலாம். அவள் மேல் யாரும் குற்றம் சொல்லமுடியாது. உள்ளுக்குள் நன்றாகவே இருக்கும் அவளுக்கு. இப்படித்தான் நினைத்தேன்.

என் முட்டாள்தனத்தைப் பாருங்கள். அந்த வழக்கம் நடக்க இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஜெனி லயத்தில் பிறக்கவில்லை. கத்தியை ஒளிக்கிற கதையை நான் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

7

அவள் தேடுகிற மாதிரி தேடவில்லை. அலறினாள். மார்கரெட் ஓடிவந்தாள். அதிகாரிகள் வந்தார்கள். தேசியப் போட்டியில் திருட்டு என்றால் லேசான விசயமா? காவலாளி ஒருவன் வந்து, அந்த அறைக்குள் காலையில் யார் யார் போனது என்று விசாரித்தான். துப்புரவு செய்யும் பெண் போயிருக்கிறாள் என்றார்கள்.

எரித்திரியாக்காரி. என் வயதுதான் இருக்கும். காவலாளி அவள் தள்ளுவண்டியை நிறுத்தி, "உன் பையைத் திற" என்றான். அவள் உடனே திறந்தாள். பழகிய கை. ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு துணி, மாத்திரை. எங்கள் ரப்பர் ஸ்டோர் வாசலில் வாட்சர், காய்ந்த ஒட்டுப்பாலைத் திருடியிருக்கிறாரா என்று பார்க்க என் அம்மாவின் பையைக் கவிழ்ப்பான். அம்மாவும் இப்படித்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அவளை விடு. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். காவலாளிக்கு விளங்கவில்லை. மார்கரெட்டுக்கு விளங்கியது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜெனி நொண்டிக்கொண்டு என் முன்னால் வந்தாள். என்னை எப்போதும் 'நீங்க' என்று சொல்கிற பிள்ளை. "நீயா?" என்றாள். "என்கிட்டயே திருடினியா?"

"திருடல. ஒளிச்சி வச்சேன். நீ..."

"எங்க?"

 அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. பனி மேட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு, வெறும் காலுறையோடு ஓடினாள். நான் பின்னால் போனபோது நாய் மாதிரி இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து இழுத்தேன். தள்ளிவிட்டாள். இரண்டு அதிகாரிகள் என் தோளைப் பிடித்தார்கள். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

என்னை வெளியே போட்டிருக்க வேண்டும். மார்கரெட் பேசியதால், மேலே கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள், ஒரு காவலாளியைப் பக்கத்தில் வைத்து.

8

முதல் குதிப்பு சரியாக இறங்கினாள். இரண்டாவதும் சரி. கூட்டம் கைதட்டியது. மூன்றாவதில் வலது காலில் இறங்கும்போது அந்தக் கால் அவளுக்குக் கீழே இல்லை. மடிந்துபோனது. தோளும் முகமும் ஐஸில் அடித்துச் சறுக்கிக்கொண்டு போய் ஓரப் பலகையில் மோதினாள்.

பாட்டு நிற்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கணம் அரங்கம் அமைதியானது. பிறகு ஒருவர் கை தட்டினார். இன்னொருவர். பிறகு அரங்கம் முழுவதும் தாளம் போட்டுக் கை தட்டியது. எழும்பு, எழும்பு, எழும்பு. நல்ல சனங்கள்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

நான் எழுந்து நின்று கத்தினேன். "எந்திரிக்காத ஜெனி! எந்திரிக்காத! அப்புடியே கெட!"

அந்தப் பெரிய இடத்தில் அது விளங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். பக்கத்தில் இருந்த காவலாளி, நானும் பிள்ளைக்கு உற்சாகம் கொடுக்கிறேன் என்று நினைத்து என் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

கையை ஊன்றினாள். இடது காலை மடித்தாள். எழும்பினாள். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் வீடியோவில் பார்க்கிறீர்கள். கைகளை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, குதிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடது காலிலேயே சறுக்கி முடித்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் வெளியே வந்ததும் விழுந்ததை எந்தக் கமராவும் எடுக்கவில்லை. எத்தனையாவது இடம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

9

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது. தகடும் திருகாணியும் போட்டிருக்கிறார்கள். நடக்கலாம், நொண்டுவாள். ஸ்கேட்டிங் இனி இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இதையும் சேர்த்துத் திரையில் போடுங்கள்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பேன், தட்டு வெறுமையாகத் திரும்பி வரும். நான் ஒரு திருடி என்பதுதான் கிளப்பில் எல்லாருக்கும் ஞாபகம். வேலைக்குப் போகிறேன், வண்டி ஓட்டுகிறேன், சின்னப் பிள்ளைகளின் தாய்மார் தங்கள் பைகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

அருள் போனை வைத்த அன்று மத்தியானம் நான் சமையலறையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அவன் போட்ட சத்தம் அறை வரைக்கும் கேட்டிருக்கும் போல. ஜெனி ஊன்றுகோலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்தாள்.

"ஏன் ஒளிச்சி வச்சீங்க?" என்றாள்.

மறுபடியும் 'நீங்க' என்று சொன்னாள். நான் மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவளுடைய தாத்தா, பால்கத்தி, காய்ச்சல், லயத்துப் பெண்கள், தேடுகிற மாதிரி தேடிவிட்டுப் படுப்பது, எல்லாம். ரொட்டி கருகியது.

"அப்ப நான் சும்மா தேடிட்டு, இல்லன்னு சொல்லியிருக்கணுமா?"

"ஆமா."

"அத எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லிட்டு ஒளிச்சா அது ஒளிக்கிறதாடி?"

அவள் சிரிப்பது மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தப்போ நீங்க கத்துனது கேட்டுச்சு."

"எந்திரிக்காதன்னுதானே கத்துனேன்."

"தெரியும். கேட்டுச்சு."

"பொறகு ஏன்டி எந்திரிச்ச?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன முட்டாள் கேள்வி என்பது மாதிரி.

"எல்லாரும் கை தட்டினாங்களே அம்மா."